பெர்சிமன் இலையும் அம்மாவின் ஜாடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஊட்டிப் பக்கம் சுஷி என்ற ஜப்பான் சாப்பாடு கிடைக்கத் தொடங்கியிருப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படம் நன்றாக இருந்தது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே பச்சை மீனை அப்படியே தின்பதுதான் சுஷி என்று எழுதிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டுப் புதன்கிழமை வாசகர் கடிதத்தில் ஒருவர், மலையில் இருக்கிறவனுக்குக் கடல்மீன் சோறு எதற்கு, அதுவும் வேகாத மீன் என்று கேட்டிருந்தார். கேள்வியில் பாதி நியாயம்தான். ஆனால் கடலே இல்லாத ஒரு மலைநாட்டில் பிறந்த சுஷி ஒன்று இருக்கிறது. நான் அதை அந்த மலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அதற்கு வேண்டிய இலை குன்னூரில் என் வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டுவதாக இருந்தால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்தியை மட்டும் தொடாதீர்கள், அதில் எனக்கு ஒரு காரியம் இருக்கிறது.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 2019இல் ஒசாகாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனேன். பேத்திக்கு இரண்டு மாதம் ஆனதும் மருமகன், "அத்தை வந்ததிலிருந்து அடுப்படியைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை" என்று ஒரு சனிக்கிழமை யோஷினோ என்ற ஊருக்கு அழைத்துப் போனார். ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். நாரா மாநிலத்தின் தென்பக்க மலை அது. செர்ரிப் பூவுக்குப் பேர்போன ஊர், 30,000 மரம் என்கிறார்கள். நாங்கள் போனது ஜூலை மாதம், பூவெல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. மலைமுகட்டை ஒட்டி ஒரே தெரு, இரண்டு பக்கமும் பள்ளம். நேராக நெட்டையாக நிற்கும் சுகி மரங்களுக்கு நடுவே மூட்டம் ஏறி ஏறி இறங்கியது. லேம்ஸ்ராக் பக்கம் நிற்கிற மாதிரியே இருந்தது எனக்கு.

அந்தத் தெருவில் ஒரு சிறு கடை. முன்னால் மரப்பெட்டி. அதில் பச்சை இலைப் பொட்டலங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, இடுக்கு இல்லாமல் அடுக்கியிருந்தன. இலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "இது நம்ம வீட்டு மரத்து இலை" என்றேன். மருமகன் நம்பவில்லை. கடைக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து, "ஆமா அத்தை, பெர்சிமன் இலைதான்" என்றார். அவர்கள் மொழியில் பெர்சிமன் பழத்துக்குக் காக்கி என்று பெயர், இலைக்கு ஹா. காக்கி நோ ஹா சுஷி. பெர்சிமன் இலைச் சுஷி.

பிரித்தேன். இலையின் நரம்பு சோற்றில் அச்சுப் பதிந்த மாதிரி இறங்கியிருந்தது. சோற்றின்மேல் ஏடு போல மெல்லிசாக ஒரு துண்டு மீன், ஓரத்தில் தோலின் நீலமும் வெள்ளியும். மீன் வாடை வரும் என்று மூக்கைத் தயாராக வைத்திருந்தேன். வந்தது வேறு. தேயிலை பேக்டரியில் கொழுந்தை வாடப் போட்டிருக்கும் தட்டுப் பக்கம் போனால் ஒரு பச்சை மணம் அடிக்குமே, அது. வாயில் போட்டால் முதலில் புளிப்பு, அப்புறம் உப்பு. இலையை யாரும் தின்பதில்லை, மடித்து ஓரமாக வைத்துவிட வேண்டும்.

அந்த மீன் நம் கானாங்கெளுத்தியின் ஒன்றுவிட்ட உறவு. நீலகிரியில் பாதிப் பேர் அயிலை என்போம். அது பச்சை மீனும் அல்ல, உப்பில் கிடந்த மீன். நாரா மாநிலத்துக்குக் கடலே கிடையாது, நாலு பக்கமும் நிலம். யோஷினோக்காரர்களுக்கு மீன் வேண்டுமென்றால் தெற்கே மலைகளைத் தாண்டிக் குமானோ கடற்கரையிலிருந்து வரவேண்டும். அயிலை எப்படிப்பட்ட மீன் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும், காலையில் வாங்கியதை மத்தியானம் நம்ப முடியாது. உயிரோடு இருக்கும்போதே அழுகுகிற மீன் என்று ஜப்பானிலும் அதற்கு ஒரு சொலவடை இருக்கிறதாம். அதனால் கரையிலேயே உப்பை அள்ளிப் போட்டு, சுமையாகக் கட்டி, ஆட்கள் தோளில் தூக்கி மலைப்பாதையில் நடந்தே கொண்டுவந்தார்கள். வந்து சேரும்போது மீன் கெடாமல் இருக்கும், ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. என்ன செய்வது? மெல்லிசாகச் சீவிச் சோற்றுருண்டைமேல் வைத்தார்கள். உப்பு சோற்றுக்கு இறங்கிவிடும். மரத்தில் இருந்த இலையைப் பறித்துச் சுற்றி, பெட்டியில் நெருக்கி அடுக்கி, மேலே கல்லை வைத்தார்கள். முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்கிறார்கள். கடற்கரையை ஆண்ட பிரபு மீனவர்கள்மேல் வரியை ஏற்றிவிட்டார், அந்தக் காசுக்காகத்தான் மீனை மலைக்குக் கொண்டுவந்து விற்றார்கள் என்றும் ஒரு கதை. உண்மையோ இல்லையோ, வரி என்றால் நமக்குப் புரிகிறது.

வீட்டுக்கு வீடு இதைச் செய்வது ஜூலைத் திருவிழாவுக்கு. அந்த நேரத்தில்தான் இலை பெரிதாகவும் இருக்கும், மடித்தால் கிழியாத பதத்திலும் இருக்கும். இலையில் துவர்ப்பு இருக்கிறது. அது சோறு சீக்கிரம் கெடாமல் பார்த்துக்கொள்கிறது. செய்த அன்றைவிட மறுநாள்தான் ருசி கூடும். இப்போது இலையை உப்பில் போட்டு வைத்து வருஷம் முழுக்க விற்கிறார்கள். சால்மன் மீனிலும் செய்கிறார்கள். 2007இல் அந்த நாட்டு வேளாண் அமைச்சகம் ஊர்ப்புறச் சமையலுக்கு என்று ஒரு பட்டியல் எடுத்தபோது, நாரா மாநிலத்தின் பேரில் அதில் ஏறியவற்றில் இதுவும் ஒன்று.

கட்டுரை எழுதியவர் கவனத்துக்கு இன்னொன்று. சுஷி என்ற சொல்லுக்கே புளிப்பு என்றுதான் வேர். பச்சை மீனைச் சோற்றின்மேல் வைத்துக் கையால் பிடித்துக் கொடுப்பதெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் இன்றைய டோக்கியோவில் வந்த பழக்கம். அதற்குப் பல நூறு ஆண்டு முன்பிருந்தே சுஷி என்பது மீனைக் கெடாமல் வைக்கும் வழி. பிவா என்று ஒரு பெரிய ஏரி, அதுவும் கடலில்லாத ஷிகா மாநிலத்தில். அங்கே சினை நிறைந்த கெண்டைவகை மீனை மாதக்கணக்கில் உப்பில் வைத்து, பிறகு கழுவிச் சோற்றோடு மரத்தொட்டியில் அடுக்கிக் கல் ஏற்றிவிடுவார்கள். குறைந்தது ஒரு கோடை, சில வீடுகளில் ஒன்றிரண்டு வருஷம்கூடக் கிடக்கும். சோறு புளித்துக் கூழாகும், மீன் கெடாது. நம் வீட்டுப் பழைய சோறு ஒரு ராத்திரியில் செய்வதை அவர்கள் தொட்டி ஒரு வருஷம் செய்கிறது. அதை நான் சாப்பிட்டதில்லை. மருமகன் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு வந்துவிட்டாராம்.

மரத்துக்கு வருகிறேன். குன்னூர்க்காரர்களுக்குப் பெர்சிமனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிம்ஸ் பூங்கா பக்கத்துப் பழப்பண்ணையில் பார்த்திருப்பீர்கள், ஆடி ஆவணியில் தக்காளி மாதிரி மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கும். என் வீட்டு மரம் நாங்கள் குடிவரும்போதே இருந்தது. பழுக்காத காயைக் குரங்குகூட ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பிவிடும், அவ்வளவு துவர்ப்பு. வெளிநாட்டு மரம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தாவரவியல் படித்த எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர்தான் சொன்னார், கருங்காலி, பீடி சுற்றும் இலை, பனிச்சை, இந்தப் பெர்சிமன் எல்லாம் ஒரே குலமாம். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. பனிச்சங்காய்ச் சாற்றை நம் பக்கம் மீன்வலைக்கும் படகுக்கும் பூசியிருக்கிறார்கள். ஜப்பானில் பெர்சிமன் காய்ச் சாற்றைப் புளிக்க வைத்து வலைக்கும் குடைக் காகிதத்துக்கும் பூசினார்கள். இங்கே ஒரு இலை புகையிலையைச் சுற்றுகிறது, அங்கே அதன் பங்காளி மீனைச் சுற்றுகிறது.

திரும்பி வந்ததும் செய்து பார்க்க ஆசை. நான் வந்தது ஐப்பசியில், இலையெல்லாம் சிவந்து கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் ஊரடங்கு, மீன் வண்டியே மேலே ஏறவில்லை. 2021 ஆடியில்தான் கை வைத்தேன். மருந்து அடிக்காத மரம் என்பதால் தைரியமாக நாற்பது இலை பறித்து, கழுவி, துணியால் ஒற்றி எடுத்தேன். (மருந்து அடிக்கிற தோட்டத்து இலையில் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.) மார்க்கெட்டில் நடுத்தர அயிலையாக நாலு வாங்கி, முள் நீக்கி, கல்லுப்பில் ஒரு ராத்திரி புதைத்து வைத்து, மறுநாள் கழுவி வினிகரில் ஊறவிட்டேன். ஜப்பான்காரர்கள் அதற்கு மேல் நெருப்பில் காட்டுவதில்லை. நான் பயந்துகொண்டு இட்லிப் பாத்திரத்தில் ஆவி காட்டிவிட்டேன். பதம் தெரியாத கையில் வேகாத மீன் வயிற்றைக் கெடுத்துவிடும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சோறுதான் சிக்கல். அவர்கள் அரிசி குட்டையானது, வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். நம் சாப்பாட்டு அரிசி உதிர்ந்து ஓடும். முதல் தடவை பிரிக்கும்போதே பொட்டலம் உப்புமா ஆகிவிட்டது. இரண்டாம் தடவை ரேஷன் பச்சரிசியைக் கொஞ்சம் தண்ணீர் கூட வைத்துக் குழைய விட்டு, சூட்டோடு வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்து, ஆறியபின் பிடித்தேன். ஒட்டியது. இலையின் வழவழப்பான பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மீன் துண்டு, அதன்மேல் சோறு, கொழுக்கட்டைக்குப் பூவரச இலையை மடிக்கிற மாதிரி மடித்து, பழைய சதுர பிஸ்கட் டின்னில் இடுக்கில்லாமல் அடுக்கினேன். மேலே ஒரு பலகை, பலகைமேல் அம்மிக்குழவி. ராத்திரி முழுக்க அப்படியே.

காலையில் டின்னைத் திறந்தபோது யோஷினோவின் அந்தப் பச்சை மணம் வந்தது. முழுசாக வந்தது என்று சொன்னால் பொய். பாதி வந்தது. பக்கத்து வீட்டுப் படகர் அக்காவுக்கு நாலு கொடுத்தேன். சாயங்காலம் வேலி ஓரம் நின்று, "சோறு நல்லா இருக்கு, மீனுதான் காணோம்" என்றார்.

அவர் சொன்னது எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியது. நான் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய தோட்டத் தமிழர்கள் நாங்கள். அங்கேயும் மலைதான், தோட்டத்து லய வீடுகளுக்குக் கடல்மீன் வருவது எப்போதாவதுதான். வந்தால் அம்மா ஒரு வாரத்துக்கு வாங்கிவிடுவார். நாட்டுப்பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவரிடம் ஜாடி போட, அதாவது மீனை உப்பிலும் புளியிலும் ஊறப்போட்டு வைக்கக் கற்றிருந்தார். மீனைச் சுத்தம் செய்து உப்புத்தண்ணீரில் மட்டும் கழுவுவார், பச்சைத் தண்ணீர் படவே கூடாது. மண்சட்டியில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு, நடுவே கொரக்காப்புளி. மறுபடி மீன், மறுபடி உப்பு. மேலே கல். வாயைத் துணியால் கட்டி அடுப்படி மூலையில் வைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. வாரக்கணக்கில் கிடந்து மீன் தன் தண்ணீரிலேயே ஊறியிருக்கும். அதைக் கழுவி, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பொரித்தால் ஒரு துண்டுக்கு ஒரு தட்டுச் சோறு போகும்.

1972இல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் வந்தோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இங்கே தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது அம்மாவின் முந்தானை முடிச்சில் ஒரு கைப்பிடி கொரக்கா இருந்தது. அது தீர்ந்தபின் மலையாளி கடையில் குடம்புளி வாங்கினார், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு காலத்தில் மேற்குக் கரையிலிருந்தே அயிலையை உப்பும் குடம்புளியும் போட்டு மரப்பீப்பாயில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள், அந்தப் பதத்துக்குக் கொழும்பின் பெயரே உண்டு. ஆக அம்மாவின் ஜாடி இங்கிருந்து போய்த் திரும்பி வந்ததாகக்கூட இருக்கலாம், எங்களைப் போலவே. ஆனால் குன்னூர்க் குளிரில் அது சரியாக வரவில்லை. "இந்தக் குளிருக்கு ஜாடி தூங்கிப்போவுது" என்று சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி நகர்த்தி வைப்பார்.

ஒசாகாவுக்கு நான் மாசிக் கருவாடு கொண்டுபோயிருந்தேன், மகளுக்குச் சம்பல் அரைத்துக் கொடுக்கலாம் என்று. அங்கே கடையில் அதே மீனை அதே மாதிரி கட்டையாக்கிச் சீவிச் சீவிப் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறார்கள், கட்சுவோபுஷி என்று பெயர். புகை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்த நாட்டுச் சமையலுக்கே அதன் சாறுதான் அடிப்படையாம். நான் என் பொட்டலத்தை வெளியே எடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கூச்சம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் போவதற்கு ஒரு வருஷம் முன், மேட்டுப்பாளையத்தில் நெத்திலியும் வாளையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்று உறை போட்டுக் கட்டியிருந்தேன். கல்லாறு தாண்டுவதற்குள் முன்சீட்டில் ஒருவர் மூக்கைப் பிடித்தார். கண்டக்டர் வந்து, "பாட்டி, பையை எடுத்துட்டு இறங்கு, இல்ல டிக்கியில போடு" என்றார். வளைவில் வண்டியை நிறுத்தி, எல்லோரும் பார்க்க, பையை டிக்கியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மகள் கோவையில் வேலை பார்த்தபோது வாடகை ஒப்பந்தத்திலேயே கருவாடு வறுக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். யோஷினோவிலிருந்து திரும்பும் ரயிலில் எதிர் சீட்டில் கோட்டு போட்ட ஒரு பெரியவர் மடியில் பெட்டியை வைத்து இலை இலையாகப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தார். ஸ்டேஷனிலேயே விற்கிறார்கள். உப்பு ஏறிய அயிலைதான் அதுவும். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்ததால் அவர் ஒன்றை எடுத்து நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

அதனால் அந்தப் புதன்கிழமை நண்பருக்கு: உங்கள் வீட்டில் பெர்சிமன் மரம் இருந்தால் ஆடி மாதம் நாற்பது இலை எனக்குக் கொடுங்கள், டின்னோடு உங்கள் வீட்டுக்கே வருகிறேன். மீன் வெந்ததாகத்தான் இருக்கும்.

இனி என் காரியம். அம்மா 2003இல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜாடிக்கு உப்பு எவ்வளவு என்று கேட்கும்போதெல்லாம், "கைக்குத் தெரியும்டி" என்பார். என் கைக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை போட்டேன். ஒன்று வெறும் உப்பு, இன்னொன்றைச் சட்டியோடு குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், கொளப்பள்ளிப் பக்கம் தாயகம் திரும்பிய குடும்பங்களில் இன்னும் ஜாடி போடுகிறவர்கள் இருந்தால், ஒரு கிலோ அயிலைக்கு உப்பு எத்தனை பிடி, கொரக்கா எத்தனை சுளை, இந்தக் குளிருக்கு எத்தனை வாரம் என்று உங்கள் நாளிதழுக்கே ஒரு கார்டு எழுதிப் போடட்டும். இலை முற்றுவதற்குள், அதாவது ஆனி கடைசிக்குள் வந்தால் நல்லது. அடுத்த தடவை சோற்றுருண்டைமேல் வைக்கப்போவது ஜாடி மீன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
குன்னூர்.